அரியாலைக்குப் போன நாடகம்

றொகான் பின்னேரங்களில் கணித டியூசனுக்குப் போகிறான் என்றுதான் நான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஓ.எல். சோதனை எடுக்கிற வருசத்தில் ஒரு பொடியன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோற்றைக்கூட ஒழுங்காகத் தின்னாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் வேறு என்னத்தைச் சொல்ல? நாடகம் பழகப் போகிறான் என்றால் மானிப்பாயில் என்னைப் பார்த்துச் சிரிக்காத சனம் மிஞ்சாது. அதிலும் அது ஆசைக்குப் பழகுகிற நாடகமும் இல்லை. இனி வைத்திருக்க ஏலாது என்று பள்ளிக்கூடங்கள் கைவிடப் பார்த்த பிள்ளைகளைப் பிடித்து இருத்தி, படம், பாட்டு, நாடகம் என்று பழக்குகிற இடம்.

யாழ்ப்பாணத்தில் டியூசன் என்று பொய் சொல்வதும் லேசுப்பட்ட வேலை இல்லை. எந்த மாஸ்டர், எந்த இடம், கிழமையில் எத்தனை நாள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கேட்கிறவர்களின் பிள்ளைகளும் அங்கேதான் போகும். நான் நல்லூர்ப் பக்கம் ஒரு மாஸ்டரை உண்டாக்கினேன். அவர் விளம்பரம் போடாதவர், தெரிந்த பிள்ளைகளை மட்டும் எடுக்கிறவர் என்று சொன்னேன். அதோடு முடிந்ததா? பக்கத்து வீட்டுக்காரி தன் மகளையும் அவரிடம் சேர்த்துவிடு, சேர்த்துவிடு என்று என் உயிரை எடுத்துவிட்டாள். கட்டாரில் லொறி ஓடுகிற என் மனுசன் ஏர்னெஸ்டுக்கும் இதே கதைதான். அந்த மனுசன் அங்கே வெயிலில் காய்கிறது. அதற்கு மேலால் இதையும் சொல்லி என்ன கண்டேன்?

அதிபர் என்னைக் கூப்பிட்டு அனுப்பிய நாளில்தான் எல்லாம் தொடங்கியது. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையை மெசினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பொடியன் வகுப்புக்கு வராமல் கள்ளம் அடிக்கிறான் என்றார். பிறகு றொகானின் போனை மேசையில் வைத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஏழெட்டுப் பொடியள், ஏதோ ஒரு படப் பாட்டு, மோட்டார் சைக்கிள்கள், ஒருத்தன் வாளைத் தலைக்கு மேலே சுழற்றுகிறான். என் பிள்ளை கையில் ஒன்றும் இல்லை. பின்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிபர் இருக்கிறார் என்றும் பார்க்காமல், பக்கத்தில் நின்றவனுக்குக் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுத்தேன். அதிபர் என்னைத் தடுத்துவிட்டு, ஒன்றில் பின்னேரம் இந்தக் கலை வகுப்புக்குப் போகட்டும், இல்லாவிட்டால் விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார்.

வகுப்பு நடந்தது ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த பழைய மண்டபத்தில். மிசன் காலத்தில் போடிங்கில் தங்கிப் படித்த பிள்ளைகள் சாப்பிட்ட இடம் என்று சொல்வார்கள். உள்ளே போகும்போது போனை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போடவேண்டும். அது ஒன்றுதான் அங்கே கண்டிப்பு. பிறகு குடிக்கப் பிளேன்ரீயும் தின்னப் பணிசும். அதை நடத்தினவன் பிறேம் என்கிற பொடியன். கம்பஸில் நாடகம் படித்தவன், முப்பது வயது இருக்காது, எலும்பும் தோலுமாய் இருப்பான். பிள்ளைகள் அவனை அண்ணை என்பார்கள். இவனா என் பிள்ளையைத் திருத்தப் போகிறான் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அப்படித்தான் நினைத்தேன்.

தொடக்கத்தில் றொகான் அங்கே போய் வாசற்படியில் குந்தியிருந்துவிட்டு வருவான். பிறகு என்ன நடந்தது என்று எனக்கே விளங்கவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போது தனக்குள் ஏதோ வசனம் சொல்லத் தொடங்கினான். என்னோடு இருந்து சாப்பிடத் தொடங்கினான். கூடப் பழகுகிற ஹன்னா இப்படி நடித்தாள், நிருஷன் அப்படி விழுந்தான் என்று கதை சொல்லிச் சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அறைக்குள் போய் அழுதேன் என்றால் நீங்கள் நம்பவேண்டும். ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாகினால் பொடியனின் முகம் செத்துப்போகும். பழைய கூட்டாளிகள் திரும்பக் கூப்பிட வந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறேம் நாடகம் பழக்குகிற விதம் வேறு. எழுதி வைத்த வசனம் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் கண்டதையும் கேட்டதையும் கொண்டுவந்து கொட்ட, அதில் இருந்துதான் நாடகம் வரும். நாடகம் முடிந்தாலும் முடியாது. பார்க்கிற சனம் எழும்பி அதில் வந்த ஆட்களிடம் கேள்வி கேட்கலாம். நடித்த பிள்ளை அந்த ஆளாகவே நின்று பதில் சொல்லவேண்டும். எனக்கு இது விசர் வேலையாகத்தான் பட்டது. நாடகம் முடிந்தால் சனம் எழும்பி வீட்டுக்குப் போகவேண்டியதுதானே.

முதல் முதல் தாய்தகப்பன்மாருக்கு மட்டும் என்று அந்த மண்டபத்திலேயே போட்டார்கள். கதை பெரிய கதை இல்லை. கொஞ்சப் பொடியள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒரு வீட்டை உடைக்கப் போகிறார்கள். நிருஷன்தான் தலைவன். றொகான் வெளியே மோட்டார் சைக்கிளை ஸ்ராட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறவன். இரண்டு கதிரையையும் ஒரு சைக்கிள் ஹாண்டிலையும் கட்டி மோட்டார் சைக்கிள் செய்திருந்தார்கள். வீட்டுக்குள்ளே ஹன்னா சட்டை அயன் பண்ணிக்கொண்டு நிற்கிறாள். தகரத்தில் அடித்துக் கண்ணாடி உடைகிற சத்தம் போட்டார்கள். ஹன்னா அயன்பெட்டியும் கையுமாக வெளியே வந்தாள். வாளோடு நிற்கிறவர்களைப் பார்த்து, கோவிக்காமல், கத்தாமல், வீட்டுக்கு வந்த ஆட்களிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“தம்பியவை, பிள்ளை இப்பதான் நித்திரையாப் போனவன். சத்தம் போடாதேங்கோ.”

சனம் முதலில் சிரித்தது. பிறகு மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. வெட்ட வந்தவனையும் தம்பி என்று கூப்பிடுகிறாளே, எங்கள் பெண்டுகள் அப்படித்தானே. நாடகம் முடிந்து கேள்வி கேட்கச் சொல்ல ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சனம் நாலு பேருக்கு முன்னால் எழும்பி நின்று கேள்வி கேட்குமா? பணிசைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு வீட்டில் பிட்டும் முட்டைப் பொரியலும் செய்து கொடுத்தேன். பெருமை எனக்கு. அந்த அயன்பெட்டி வசனம் யாருடைய மூளை, பிறேமுடையதா என்று கேட்டேன். றொகான் பிட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

“அது ஆரும் யோசிச்சதில்லை அம்மா. அந்த அக்கா சொன்னவ.”

“எந்த அக்கா?”

“அரியாலையிலை.”

அரியாலையில் ஒரு வீட்டுக்குள் பொடியள் வாளோடு புகுந்ததைப் பேப்பரில் நானும்தான் வாசித்தேன். வீட்டுக்காரனின் வலது கையில் வெட்டு. அந்த மனுசன் களப்பில் வலை வீசிச் சீவிக்கிறவன். சிலரைப் பொலிஸ் பிடித்தது, மிச்சப் பேரைத் தேடுகிறார்கள் என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டு நானே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன்: சும்மா போய் வெட்டுவாங்களா, அந்தாளும் ஏதோ செய்திருக்கும். யாழ்ப்பாணம் முழுக்க அப்படித்தான் சொன்னது.

நீயும் வெட்டினாயா என்று கேட்டேன். இல்லை, மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேற்றடியில் நின்றேன் என்றான். யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். பிடிபட்டு உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்லமாட்டார்கள் என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அவன் விலகவில்லை, அப்படியே இருந்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அடிக்க வரவில்லை. சாப்பிடு என்றேன்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து என் பிள்ளையைக் கொண்டுபோய் மறியல் கம்பிக்குள் அடைக்க என்னால் ஏலாது. இப்போதுதான் பொடியன் மனுசனாகி வருகிறான். அதோடு இன்னொன்று. இவன் வாயைத் திறந்தால் பொலிஸ் மட்டுமா வரும்? பிடிபடாமல் வெளியே நிற்கிற மிச்சப் பேர் அடுத்த நாளே என் கேற்றடிக்கு வருவார்கள். ஆகவே ஒருத்தருக்கும் தெரியவேண்டாம் என்று முடிவு கட்டினேன். தெரியாமலே போயிருக்கும். அடுத்த கிழமை பிறேம் சிரித்துக்கொண்டு வந்து, நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகப் போகிறோம், முதல் இடம் அரியாலை, சனசமூக நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

எனக்கு விசர் பிடிக்காத குறை. றொகானிடம், நீ காய்ச்சல் என்று படு என்றேன். மாட்டேன் என்றான். கெஞ்சினேன், திட்டினேன், தகப்பனுக்குச் சொல்வேன் என்றேன். அவன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்: “நான் போகவேணும் அம்மா.” ஏன் என்று கேட்டால் தெரியாது என்றான். உண்மையில் அவனுக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கும்.

பிறேமைப் போய்ப் பிடித்தேன். இடத்தை மாற்ற ஏலாதா என்று கேட்டேன், ஏலாது என்றான். அப்படியென்றால் அந்த அயன்பெட்டி வசனத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். கஷ்டத்தில் நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்துச் சனம் சிரிக்கிறது, அது வடிவில்லை என்று ஒரு காரணமும் சொன்னேன்.

“அக்கா, அதை எடுத்தால் நாடகத்திலை ஒண்டும் மிஞ்சாது. றொகான்தான் அதைக் கொண்டந்தவன். அவன் எடுக்கச் சொன்னால் எடுக்கிறன்.”

படித்தவன் கதை. எனக்கு வந்த கோபத்துக்கு நல்லாய்க் கொடுத்திருப்பேன். ஆனால் கூடக் கதைத்தால் பிடிபட்டுவிடுவேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகளின் உடுப்பெல்லாம் நான்தான் தைத்துக் கொடுத்தேன். ஹன்னா தன் பாவாடையை இறக்கித் தைக்க வந்தபோது அவளைப் பக்கத்தில் இருத்தி நைசாகச் சொன்னேன். அரியாலையில் மட்டும் அந்த வசனத்தை விட்டுவிடு பிள்ளை, அதைக் கேட்டால் றொகானுக்கு மனம் சரியில்லாமல் போகிறது, யாரும் கேட்டால் மறந்துபோனேன் என்று சொல்லு. அது பாதி உண்மைதான். நல்ல பிள்ளை, ஏன் எதற்கு என்று கேட்காமல் சரி அன்ரி என்றது. ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று எனக்கு ஆறுதல். அந்த வசனத்தை விட்டால் இவனை அங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

அன்றைக்கு நானும் வானில் ஏறினேன். உடுப்பு மூட்டையைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் பொடியனை என் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கவேண்டும், வேறொன்றும் இல்லை. பின்னேர வெயில் தணிந்து களப்புக் காற்று வீசியது. சனசமூக நிலையத்து முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். நான் நடுவில் ஓர் இடம் பிடித்து இருந்துகொண்டு, வந்த ஆம்பிளைகளின் வலது கைகளைப் பார்த்தேன். முகம் தெரியாதே, வேறு எதைப் பார்ப்பது?

கண்டுபிடிக்க நேரம் செல்லவில்லை. கடைசி வரிசையில், வாசலோடு ஒருத்தன் இருந்தான். முப்பத்தைந்து வயது மட்டில் இருக்கும். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ அவனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமான் மாதிரி. இடது கையில் ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். பக்கத்தில் மனுசி, மடியில் பிள்ளை. சனம் இருக்க இடமில்லாமல் மதிலோடு நின்றது. ஆனால் அவர்களுக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமனே கிடந்தன.

எனக்குப் பக்கத்தில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த மனுசி நான் பார்ப்பதைக் கண்டுவிட்டாள். கேளாமலே சொல்லத் தொடங்கினாள். அவன் பெயர் பார்த்தீபனாம், அவள் தனுசியா. இவர்களின் வீட்டுக்குள் புகுந்துதான் வெட்டினார்களாம். கஞ்சாத் தொடர்பு என்று கதையாம். தொழிலும் போய்விட்டதாம். கடையில்கூட ஒருத்தரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். அந்தப் பிள்ளையை முன்பள்ளியில் தங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருத்தவேண்டாம் என்று சில தாய்மார் போய்ச் சொல்லியிருக்கிறார்களாம்.

“சும்மா போய் வெட்டுவாங்களே, சொல்லுங்கோ பாப்பம்,” என்றாள்.

நான் சொன்ன அதே கதை. என் வாயில் இருந்து எடுத்த மாதிரி. அவள் நீட்டிய கச்சானை வாங்கிக் கைக்குள் வைத்திருந்தேன்.

நாடகம் தொடங்கியது. நான் மேடையைப் பார்க்கவில்லை, தனுசியாவைத்தான் பார்த்தேன். தகரம் அடிபட்டபோது அவள் மடியில் இருந்த பிள்ளை வீரிட்டுக் கத்தியது. அவள் அதன் காதைப் பொத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆனால் எழும்பிப் போகவில்லை. ஹன்னா அயன்பெட்டியோடு வெளியே வந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த வசனத்தை விட்டுவிட்டாள். றொகான் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறேமும் பார்த்தான். பிறகு நிருஷன் ஒரு மாதிரிச் சமாளித்து உள்ளே புகுந்தான். நாடகம் முடிந்தது, சனம் கைதட்டியது. ஆண்டவரே, கோடி தோத்திரம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இனிப் பணிஸ், இனி வான், இனி வீடு.

பிறேம் முன்னுக்கு வந்து கேள்வி கேட்கலாம் என்றான். அந்த மண்டபத்தில் மாதிரித்தான் இங்கேயும் இருக்கும் என்று நான் உடுப்பு மூட்டையைக் கட்டத் தொடங்கினேன். ஒரு கிழவர் எழும்பி, நீங்கள் ஏன் படிக்கிறதில்லை என்று நிருஷனைக் கேட்டார். மாஸ்டர் அடிக்கிறார் என்று அவன் சொல்லச் சனம் சிரித்தது. எல்லாரும் எழும்பப் போன நேரத்தில் கடைசி வரிசையில் இருந்து தனுசியா எழும்பினாள். பிள்ளையைப் புருசனின் மடியில் வைத்தாள். அவன் அவளின் சேலையைப் பிடித்து இழுத்தான், இரு என்று. அவள் இருக்கவில்லை.

“அந்தத் தலைவராய் நடிச்ச தம்பியிட்டை ஒண்டு கேக்கவேணும்,” என்றாள். “நீங்கள் உடைச்ச வீட்டுக்காரர் என்ன செய்தவர்? என்னத்துக்கு அந்த வீட்டுக்குப் போனனீங்கள்?”

நிருஷன் யோசித்தான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். அவன் வட்டுக்கோட்டைப் பொடியன். அந்தத் தலைவன் என்ன சொல்வானோ அதைச் சொன்னான்.

“அவர் தூள், கஞ்சா விக்கிறவர். அதுதான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். சரியாய்ச் சொன்னான் என்று மதிலோடு நின்ற ஒருத்தன் சொன்னான். அதற்கு இன்னும் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பார்த்தீபன் தலையைக் குனிந்துகொண்டான். தனுசியா நின்றாள். அழவும் இல்லை, கோவிக்கவும் இல்லை. இதுதான் பதில் என்று தெரிந்துகொண்டே கேட்டவள் மாதிரிச் சரி என்று தலையாட்டினாள், திரும்பக் கதிரையில் இருக்கப் போனாள். எனக்கு என்றால் அந்தச் சிரித்தவனின் மூஞ்சையில் ஏதாவது எடுத்து எறியவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் றொகான் கதிரை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தான். முகத்தில் கட்டியிருந்த துணியைக் கழற்றினான்.

“இல்லை,” என்றான்.

நான் எழும்பினேனா, இருந்தேனா என்று எனக்குத் தெரியாது. வாயைப் பொத்தடா என்று கத்தப் பார்த்தேன். பிறேமுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். கிட்டப் போய், மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது.

“றொகான், நீ இப்ப ஆராய் நிண்டு கதைக்கிறாய்?”

“நானாய்த்தான் அண்ணை.”

பிறகு அவன் தனுசியாவைப் பார்த்தான். நேரே பார்த்தான்.

“அவர் ஒண்டும் செய்யேல்லை அக்கா. அவரை எங்களுக்கு ஆரெண்டே தெரியாது. நீலக் கேற் போட்ட வீடு எண்டுதான் எங்களுக்குச் சொன்னவங்கள். உங்கடை ஒழுங்கையிலை ரெண்டு நீலக் கேற். வீடு மாறிப் போச்சு. நான் வெளியிலை பைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

அந்தச் சின்னத் தெருவில் இரண்டு நீலக் கேற் இருப்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அது அவர்களின் முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் பக்கத்து மனுசி கச்சான் கொறிப்பதை விட்டுவிட்டாள். மற்ற நீலக் கேற் வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தார்களோ என்னவோ, சிலர் திரும்பி ஒரு பக்கம் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி நிலத்தைப் பார்த்தார்கள்.

தனுசியா என் பிள்ளையை ஏசவில்லை, மண் அள்ளிப் போடவில்லை. அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். இந்த வரிசையில் இருந்து அந்த வரிசை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“கேட்டனீங்களோ?” என்றாள்.

பார்த்தீபன் பிள்ளையின் தலைமயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஓர் ஆம்பிளை அப்படி அழுவதை நான் வெளியில் வைத்துக் கண்டதில்லை. மதிலோடு நின்றவர்களில் ஒருத்தன் போனைத் தூக்கி றொகானை வீடியோ பிடிக்கத் தொடங்கினான். வேறொருத்தன் யாருக்கோ அழைப்பு எடுத்தான், அரியாலைக்கு வாங்கோ என்று சொன்னது கேட்டது. அது பொலிசுக்கா வேறு யாருக்காவதா என்று எனக்குத் தெரியாது. பொடியள் இரண்டு மூன்று பேர் மேடைப் பக்கம் நகர்ந்தார்கள். பிறேம் றொகானுக்கு முன்னால் போய் நின்றான். அந்த எலும்பும் தோலும் எத்தனை பேரைத் தடுக்கும்?

எனக்குப் பக்கத்து மனுசி எழும்பி நின்றாள்.

“ஆற்றை பிள்ளை உவன்?” என்று உரத்துக் கேட்டாள்.

அந்தக் கேள்வி முற்றம் முழுக்கப் போனது. யாருடைய பிள்ளை, எந்த ஊர், தாய்தகப்பன் யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். றொகான் என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை இந்தப் பக்கம் கண்ணை எறிந்திருந்தால்கூடச் சனம் கண்டுபிடித்திருக்கும். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, யாரும் இல்லாத பிள்ளை மாதிரி நின்றான். என்னைக் காப்பாற்றுகிறானாம், பேயன். அந்த நேரத்திலும் அவனுக்குக் கன்னத்தைப் பொத்தி ஒன்று போடவேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது.

அங்கே என்னை ஒருத்தருக்கும் தெரியாது. உடுப்பு மூட்டை தூக்க வந்த தையல்காரி, அவ்வளவுதான். மூட்டையை எடுத்துக்கொண்டு வானுக்குள் போய் இருந்திருக்கலாம். ஏர்னெஸ்ட் கட்டாரில், வீட்டில் நான் தனிய, கேற்றுக்கு ஒழுங்கான பூட்டுக்கூட இல்லை. அந்தப் போனில் எடுக்கிற வீடியோ பொழுதுபட முன்னம் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். என் முகம் அதில் விழுந்தால் என் வீடும் விழுந்த மாதிரித்தான். அவ்வளவும் அந்த நிமிசத்தில் என் தலைக்குள் ஓடியது.

எழும்பினேன். கையில் இருந்த கச்சானை அந்த மனுசியின் கதிரையில் வைத்தேன். வரிசையை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனேன். பிறேமைத் தள்ளிவிட்டு என் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று, போன் பிடிக்கிறவனுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்.

“என்ரை பிள்ளை. ஜெயனியின்ரை பிள்ளை. மானிப்பாய்.”